நோய்க்காக எடுக்கும் ஹோர்மோன் மாத்திரையும் நமது மனச்சாட்சியும்

எங்கள் பங்கில் திருமண ஆயத்த வகுப்புகளுக்கு உதவி செய்கிறேன். என் நோயைப் பற்றியும் நான் ஒளித்து வைப்பதில்லை. அதனாலோ என்னவோ, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இளம் பெண்கள் சிலர் என்னைத் தனியாக அழைத்துக் கேட்கிறார்கள். டொக்டர் எழுதித் தந்திருப்பது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை, ஆனால் தந்தது வயிற்று வலிக்கு. எடுத்தால் பாவமா, எடுத்துக்கொண்டு நற்கருணை வாங்கலாமா? கேட்கும்போதே சிலர் அழுதுவிடுகிறார்கள். சிலர் அட்டையை வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டு மாதாமாதம் சுருண்டு கிடக்கிறார்கள். அப்படிக் கிடந்த ஒருத்திக்குக் கடைசியில் இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது.

எடுக்கலாம். கருத்தடையை ஏற்காத நமது கத்தோலிக்கத் திருச்சபை, நோய்க்காக எடுப்பதைத் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை, எந்த இடத்தில் தடுக்கிறது என்பதை நான் படித்தும் கேட்டும் அறிந்த அளவில் எழுதுகிறேன்.

நான் சொறிக்கல்முனையில் பிறந்து, கல்யாணம் செய்து மட்டக்களப்பு தாண்டவன்வெளிக்கு வந்தவள். பெரிய பிள்ளையான நாள்முதல் மாதவிடாய் என்றால் எனக்கு வலிதான். பாடசாலையில் மயங்கி விழுந்திருக்கிறேன். அம்மா வெந்தயம் ஊறவைத்துத் தருவார், அம்மம்மா வேர்க்கொம்பு அவித்துத் தருவார், எல்லாருமாகச் சேர்ந்து கல்யாணம் கட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். கல்யாணமும் ஆனது, மகனும் பிறந்தான். அவன் பால் மறந்த பிறகு வலி முன்பைவிடக் கடுமையாகத் திரும்பியது. மலம் கழிக்கும்போது வலி. கணவரோடு சேரும்போது வலி. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டையும் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாததால்தான் நோய் பிடிபட ஆண்டுக்கணக்கில் ஆகிறது.

ஸ்கான் செய்தபோது சூலகத்தில் ஒரு கட்டி தெரிந்தது. உள்ளே பழைய இரத்தம் தேங்கிக் கருமையாக இருப்பதால் அதைச் சாக்லேட் கட்டி என்கிறார்கள். நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற இழையம் சூலகத்திலும் குடலைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் வளர்ந்து, மாதவிடாயின்போது அங்கேயும் கசிந்து, அழற்சியாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடுகிறது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு, உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நமது பங்குகளில் ஞாயிறு பூசைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் இதைச் சுமந்துகொண்டு முழந்தாளிட்டிருக்கிறார்கள் என்று அதன் பிறகு நான் அடிக்கடி நினைத்திருக்கிறேன்.

என்னைப் பார்த்த பெண்ணோயியல் நிபுணர் ஒரு முஸ்லிம் பெண்மணி. பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன்தான் இந்த இழையத்துக்குத் தீனி. ஹோர்மோன் மருந்தால் அதை அடக்கினால் இழையம் ஒடுங்கும், வலி குறையும், கட்டி பெருப்பதும் மட்டுப்படும். அவர் எழுதித் தந்தது இரண்டு ஹோர்மோன் சேர்ந்த சாதாரணக் கூட்டு மாத்திரை. ஓர் அட்டையில் 28 இருக்கும். அவற்றில் ஹோர்மோன் உள்ளவை 21. மிச்சம் 7 மாத்திரையை விட்டுவிட்டு நேராக அடுத்த அட்டையைத் தொடங்கச் சொன்னார், மாதவிடாயே வராமல் இருப்பதற்காக. நோய்க்காக எடுப்பவர்களுக்குப் பல டொக்டர்மார் இப்படித்தான் சொல்கிறார்கள்.

பாமசியில் வாங்கிப் பார்த்தால், எங்கள் ஒழுங்கையில் மிட்வைஃப் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போகிற அதே வகை அட்டை. அவருடைய பதிவேட்டில் எந்தக் குடும்பம் எந்த முறையைப் பாவிக்கிறது என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அடுத்த முறை வந்தபோது "மாத்திரை என்று போடட்டுமா, தங்கச்சி?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. இருபது வருடமாகச் செபமாலையோடு வாழ்ந்த வீட்டில் வளர்ந்தவள் நான். நோயின் பெயரைச் சொல்லி, அதற்கான மருந்து என்று எழுதச் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் அப்படியே எழுதிக்கொண்டார். ஆனால் அன்றிரவு கணவரும் நானும் இதைப் பற்றிப் பேசித் தீர்க்காமல் விடக்கூடாது என்று முடிவெடுத்தோம்.

பங்குத்தந்தையிடம் இருவருமாகப் போனோம். அவர் உடனே ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடவில்லை. "படித்துவிட்டுச் சொல்கிறேன், அடுத்த கிழமை வாருங்கள்" என்றார். அந்தச் சொல்லே எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. அடுத்த கிழமை, 1968 ஜூலை 25 எனத் திகதியிட்டுப் பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட ஹுமானே வித்தே சுற்றுமடலை மேசையில் விரித்து வைத்திருந்தார். கருத்தடையைத் திருச்சபை ஏற்கவில்லை என்று சொல்ல எல்லாரும் காட்டுகிற மடல் அதுதான். அது 14ஆம் பிரிவில் இருக்கிறது. அதற்கு அடுத்த 15ஆம் பிரிவை யாரும் வாசிப்பதில்லை. உடல் நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையைத் திருச்சபை தவறாகக் கருதவில்லை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அந்தச் சிகிச்சையால் கருத்தரிக்க முடியாமல் போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் அது தவறாகாது. நிபந்தனை ஒன்றுதான்: கருத்தரிக்காமல் இருப்பதை நேரடியாக நோக்கமாகக் கொள்ளக்கூடாது.

இதற்கும் பத்து வருடம் முன்னால், 1958 செப்டம்பர் 12 அன்று, இரத்தவியல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் இதையே சொல்லியிருக்கிறார். அப்போது மாத்திரை கருத்தடைக்காக எங்கேயும் அங்கீகரிக்கப்படவில்லை. அமெரிக்காவில் 1957இல் அது முதலில் அனுமதி பெற்றது மாதவிடாய்க் கோளாறுகளுக்காக. கருத்தடைக்கான அனுமதி 1960இல்தான் வந்தது. அந்த மருந்து உலகத்துக்கு வந்த வரிசையே அப்படி இருக்க, நோய்க்காரி ஒருத்தி அதைக் கையில் எடுத்தால் ஏன் ஊர் கூடிப் பார்க்கிறது என்று எனக்குக் கோபம் வருகிறது.

இதற்கு அடியில் இருக்கும் ஒழுக்கவியல் கருத்து புனித தோமா அக்குவினாஸ் தற்காப்பைப் பற்றி எழுதியதிலிருந்து வளர்ந்தது. ஒரு செயலால் நல்லதும் தீயதுமாக இரண்டு விளைவு வரலாம். அதைச் செய்ய நான்கு நிபந்தனை உண்டு. செயல் தன்னளவில் தீயதாக இருக்கக்கூடாது. நல்ல விளைவைத்தான் நாட வேண்டும். நல்ல விளைவு, தீய விளைவின் வழியாகக் கிடைத்ததாக இருக்கக்கூடாது. தீமையைப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குத் தக்க காரணமும் இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் எனக்கு முதலில் பிடிபடவில்லை. ஃபாதர் இப்படி விளக்கினார்: "உங்கள் வலி குறைவது நீங்கள் கர்ப்பமாகாததால் அல்ல. மருந்து இழையத்தை ஒடுக்குவதால். ஒரு கன்னியாஸ்திரிக்கு இதே நோய் வந்து இதே மாத்திரையை எடுத்தாலும் அவருக்கும் வலி இதே மாதிரிக் குறையும்." அதைக் கேட்டபோது என் மனதில் இருந்த பாரம் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது.

மருந்து இந்த நோயை வேரோடு எடுக்காது, அடக்கி மட்டும் வைக்கும். அப்படியிருக்க அதைக் குணப்படுத்துவது என்று சொல்லலாமா என்றும் கேட்டேன். இன்சுலினும் நீரிழிவை வேரோடு எடுப்பதில்லை, அதனால் அது சிகிச்சை இல்லை என்று ஆகிவிடுமா என்றார்.

பிறகு அவர் கேட்ட கேள்விகள்தான் இன்றைக்கும் நான் மற்றப் பெண்களிடம் கேட்பவை. இந்த நோய் இல்லாவிட்டால் இந்த மருந்தை எடுப்பீர்களா? கருத்தரிப்பதைத் தடுக்காமல் இதே அளவு வலியைக் குறைக்கும் வேறு மருந்து இருந்தால் அதைத் தெரிவு செய்வீர்களா? முதல் கேள்விக்கு இல்லை என்று உடனே சொன்னேன். இரண்டாவதில் தயங்கினேன். ஏனென்றால், மகன் சிறியவன், உடம்பு ஓய்ந்து போயிருக்கிறது, இந்த வருடம் இன்னொரு பிள்ளை தங்காது என்ற நினைப்பில் எனக்கு உள்ளூர ஓர் ஆறுதல் இருந்தது. அதை மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ஒரு விளைவைக் குறித்து ஆறுதல் அடைவது வேறு, அதற்காகவே ஒன்றைச் செய்வது வேறு என்றார். அந்த ஆறுதல் வளர்ந்து காரணமாக மாறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகளுக்கிடையே இடைவெளி வேண்டும் என்று நினைப்பது பாவமே இல்லை, அதற்கு இயற்கை முறைகளைத் திருச்சபை காட்டுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். மருந்தை நிறுத்தும் காலத்தில் கருப்பை வாய்ச் சளியைக் கவனித்துக் கருத்தரிக்கும் நாட்களை அறிகிற பில்லிங்ஸ் முறையை நாங்கள் கற்றுக்கொண்டது அந்தப் பேச்சினால்தான்.

எல்லை எங்கே என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் ‘மருத்துவக் காரணம்’ என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரி என்று சிலர் நினைக்கிறார்கள். இதய நோயுள்ள ஒரு பெண்ணிடம், கர்ப்பமானால் ஆபத்து, அதனால் மாத்திரை எடுங்கள் என்று டொக்டர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாத்திரை இதயத்துக்கு ஒன்றும் செய்வதில்லை; கர்ப்பத்தைத் தடுப்பதன் வழியாகத்தான் அவளுக்கு நன்மை வருகிறது. 1958 உரையிலேயே பன்னிரண்டாம் பயஸ் இந்த வேறுபாட்டைக் காட்டி, இது 15ஆம் பிரிவு பிற்பாடு சொன்ன வகையில் அடங்காது என்பதைத் தெளிவாக்கியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு இது இலகுவான செய்தி அல்ல என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட தம்பதியர் தனியே விடப்படக்கூடாது. இயற்கை முறையைச் சரியாகக் கற்பிக்க ஒருவரும், கூடவே நடக்க ஒரு குருவும் அவர்களுக்கு வேண்டும். கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைக்கும் செம்பு லூப்பும் அப்படித்தான்: அது எந்த நோய்க்கும் மருந்தல்ல, மாதவிடாய்ப் பெருக்கைக் கூட்டவும் செய்யும்.

என் பெரியம்மாவின் மகளுக்கு வேறு நோய், கருப்பைத் தசைக்குள்ளேயே அந்த இழையம் வளர்கிற அடினோமயோசிஸ். மருந்துக்கு அடங்காமல் கடைசியில் கருப்பையையே எடுத்தார்கள். அவருக்கு ஆயித்தியமலை மாதாவிடம் நேர்த்தி வைத்தார்கள், பூசைக்குக் காசு கொடுத்தார்கள், சூப் அவித்துக் கொண்டுபோனார்கள். ஒருவர்கூடப் பாவம் என்று சொல்லவில்லை. சொல்லாததும் சரிதான், நோயுற்ற உறுப்பை அகற்றுவதைத் திருச்சபை எப்போதும் அனுமதித்திருக்கிறது. ஆனால் நிரந்தரமாகப் பிள்ளைப்பேற்றை முடித்துவிடுகிற சத்திரசிகிச்சைக்கு நேர்த்தி வைக்கிறவர்கள், நிறுத்தினால் மறுபடியும் பிள்ளை தங்கக்கூடிய மாத்திரைக்கு முணுமுணுப்பது எப்படி? இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

கணவருக்கு இருந்த கவலை வேறு. மாத்திரை சில வேளைகளில் உருவான கருவையே பதியவிடாமல் செய்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். டொக்டரிடமே கேட்டோம். இந்த மருந்தின் முதன்மையான வேலை முட்டை வெளிவருவதைத் தடுப்பது, அதோடு கருப்பை வாய்ச் சளியைத் தடிக்கச் செய்வது, உட்படலமும் மெலிகிறது என்றார். முட்டை எப்போதாவது வெளிவந்தால் என்ன ஆகும் என்பதில் கத்தோலிக்க ஒழுக்கவியலாளர்கள் ஒரே கருத்தில் இல்லை. மருந்து எடுக்கும் காலத்தில் தாம்பத்திய உறவைத் தவிர்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு கடமை இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். ஹோர்மோன் சேர்ந்த லூப்பைப் பற்றி இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது, ஏனென்றால் அதில் முட்டை வெளிவருவது பல பெண்களுக்கு நிற்பதில்லை. நாங்கள் இருவரும் என்ன செய்தோம் என்பதை இங்கே எழுதமாட்டேன். அது எங்களுக்கும் எங்கள் ஆன்ம குருவுக்கும் உரியது. நீங்களும் உங்கள் துணையோடு சேர்ந்து போய்க் கேளுங்கள். இந்தச் சுமையை மனைவி மட்டும் தூக்குவது நியாயமில்லை.

டொக்டரிடம் போகும்போது ஒரு கொப்பி கொண்டுபோங்கள். எந்த நாளில் எவ்வளவு வலி, எத்தனை நாள் இரத்தப்போக்கு, ஒரு மணித்தியாலத்துக்குள் பேட் நனைகிறதா, கட்டியாக வருகிறதா என்று எழுதி வையுங்கள். ஹீமோகுளோபினைப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை. ஹோர்மோன் இல்லாத வழி இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பெரும்போக்கு மட்டும்தான் பிரச்சினை என்றால் டிரனெக்சாமிக் அமிலமோ மெஃபனாமிக் அமிலமோ சிலருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. வேறு எல்லாவற்றையும் முயன்று தோற்ற பிறகுதான் ஹோர்மோனைத் தொடலாம் என்று திருச்சபை எங்கேயும் சொல்லவில்லை. அதே அளவு பலன் தருகிற, இந்தப் பக்கவிளைவு இல்லாத வழி ஒன்று இருந்தால் அதைத் தெரிவு செய்வது மனச்சாட்சிக்கு இலகு, அவ்வளவுதான்.

ஒளிவீச்சோ கோடுகளோ கண்ணில் தெரிந்து பிறகு வருகிற ஒற்றைத் தலைவலி, காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு, உயர் இரத்த அழுத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈஸ்ட்ரஜன் சேர்ந்த கூட்டு மாத்திரை அப்படிப்பட்டவர்களுக்கு ஆபத்தாகலாம். அவர்களுக்குப் புரொஜெஸ்தரோன் வகை மருந்து கொடுப்பார்கள். பக்கத்து வீட்டாரின் அட்டையை வாங்கி எடுக்கவே கூடாது.

கல்யாணமாகாத பிள்ளைகளின் தாய்மாருக்குத் தனியாக ஒன்று. உங்கள் மகளுக்குச் சூலகக் கோளாறுக்காகவோ பெரும்போக்குக்காகவோ மாத்திரை எழுதினால், அங்கே கருத்தடை என்ற கேள்வியே எழவில்லை. மற்ற மருந்தைப் போல அதுவும் ஒரு மருந்து. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதத்தில் பாதி நாள் பாயில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு, புத்தகப் பையில் அட்டையைக் கண்டால் மாமி என்ன சொல்வார், மச்சாள் என்ன சொல்வார் என்று யோசிக்கிறோம். மாமி கேட்டால் நோயின் பெயரைச் சொல்லுங்கள். பிள்ளை தன் வாயால் விளக்கம் சொல்லும் நிலையில் அவளை விடாதீர்கள். டொக்டர் நோய்க்குத் தந்த மருந்தை எடுத்ததற்காக ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகவும் தேவையில்லை. அதில் அறிக்கையிட ஒரு பாவம் இல்லை.

எனக்கு அந்த மாத்திரை நன்றாக உதவியது. இன்னொரு பிள்ளைக்கு விரும்பியபோது டொக்டரிடம் சொல்லி நிறுத்தினோம், மகள் பிறந்தாள். அவளுக்குப் பிறகு வலி மறுபடியும் தலைதூக்கியதால் இப்போது டினோஜெஸ்ட் என்ற புரொஜெஸ்தரோன் வகை மருந்தை எடுக்கிறேன், தினம் 2 மில்லிகிராம். விலை கூடியதுதான், மாதச் செலவில் அதற்கென்று ஒரு தொகையை எடுத்து வைக்கிறோம். ஒவ்வொரு கிளினிக்கிலும், இது இன்னும் தேவையா என்று டொக்டரிடம் கேட்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகு ஃபாதர் கேட்ட இரண்டு கேள்விகளையும் எனக்குள் மறுபடி கேட்டுக்கொள்கிறேன். நோய் அடங்கிய பிறகும் வசதிக்காகத் தொடர்ந்தால் அது வேறு செயல், அதற்கு 15ஆம் பிரிவைத் துணைக்கு அழைக்க முடியாது.

அடுத்த திருமண ஆயத்த வகுப்பில் இதற்கென்று அரை மணித்தியாலம் கேட்டேன், பங்குத்தந்தை சம்மதித்திருக்கிறார். டொக்டர் ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெயர் எழுதாமல் கேள்வியைக் கடதாசியில் எழுதி மேசையிலுள்ள பெட்டியில் போட்டால் போதும். ஆண்களும் கட்டாயம் வர வேண்டும் என்று அறிவித்தலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.